கண் டெஸ்ட்டுக்கு ஒரு ஒத்திகை... ஆட்டிசம் உள்ள குழந்தையை 10 நாள்ல தயார் பண்றது எப்படி?

காதுகுத்து நம்ம ஊர்ல எப்படி நடக்கும்னு உங்களுக்கே தெரியும். தாய்மாமன் மடியில குழந்தையை உட்கார வைப்பாங்க. ஒருத்தர் கையைப் பிடிச்சுக்குவார், இன்னொருத்தர் தலையைப் பிடிச்சுக்குவார். குழந்தை 'வீல்'னு கத்தி முடிக்கிறதுக்குள்ள ரெண்டு காதும் குத்தி முடிஞ்சிருக்கும். வாயில ஒரு மிட்டாய். அவ்வளவுதான்.

கண் டெஸ்ட்டை இப்படி முடிக்க முடியாது. காதை அமுக்கிப் பிடிச்சுக் குத்திடலாம். அழுது இறுக்கி மூடின கண்ணுக்குள்ள எந்த டாக்டராலயும் பார்க்க முடியாது. அதுவும் குழந்தைக்கு ஆட்டிசம் இருந்தா, ஒரே ஒரு தடவை அமுக்கிப் பிடிச்ச ஞாபகம் அடுத்த அஞ்சு தடவையையும் சேர்த்துக் கெடுத்துடும்.

ஒரு காட்சியைக் கற்பனை பண்ணிப் பாருங்க. உங்க அக்கா குளத்தூர்ல இருக்காங்க. பையனுக்கு 5 வயசு. ஆட்டிசம். பேச்சு இன்னும் சரியா வரலை. காலையிலேயே கிளம்பி விளாத்திகுளம், எட்டயபுரம் வழியா கோவில்பட்டிக்கு பஸ் பிடிக்கிறாங்க. ஹாரன் சத்தம், வெயில், கூட்டம். ஆஸ்பத்திரியில டோக்கன் வாங்கிட்டு ரெண்டு மணி நேரம் காத்திருப்பு. உள்ளே போனா ரூம் திடீர்னு இருட்டாகுது. முன்னப்பின்ன தெரியாத ஒருத்தர் முகத்துக்குக் கிட்ட வந்து லைட் அடிக்கிறார். பையன் அலறித் தரையில படுத்துடறான். "ஒத்துழைக்க மாட்டேங்கிறான்மா, கொஞ்சம் பெரியவன் ஆனதும் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிடறாங்க. வீட்டுக்கு வந்தா பாட்டி சொல்றாங்க, "அவனுக்குக் கண்ணெல்லாம் நல்லாத்தான் தெரியுது. தரையில கிடக்குற மொளகா விதையைக்கூட பொறுக்கி எடுக்கானே!"

அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுபோகுது. பிரச்னையே அந்த 'பெரியவன் ஆனதும்'லதான் இருக்கு. கண்ணுக்கு ஒரு கெடு இருக்கு. அது யாருக்காகவும் காத்திருக்காது.

ஏன் தள்ளிப்போடக் கூடாது?

நாம பார்க்குறது கண்ணால மட்டும் இல்லை, மூளையாலயும்தான். சின்ன வயசுல ஒரு கண்ணுல இருந்து மங்கலான படம் மட்டுமே வந்துகிட்டு இருந்தா, மூளை மெதுவா அந்தக் கண்ணை ஒதுக்கிட்டு, நல்லா தெரியுற கண்ணை மட்டும் நம்ப ஆரம்பிச்சுடும். இதைத்தான் 'சோம்பேறிக் கண்' என்கிறார்கள். வெளியில இருந்து பார்த்தா கண் அழகா, சாதாரணமா இருக்கும். ஒரு கண் தெளிவா இருக்குறதால குழந்தையும் ஓடியாடி விளையாடும், மிளகாய் விதையையும் பொறுக்கும்.

இதுக்கு வைத்தியம் ரொம்ப எளிமையானது. கண்ணாடி போடுறது, தேவைப்பட்டா நல்லா தெரியுற கண்ணை தினமும் சில மணி நேரம் மூடி, சோம்பேறிக் கண்ணை வேலை செய்ய வைக்கிறது. ஆனா, 7 வயசுக்குள்ள ஆரம்பிச்சா பலன் நல்லா இருக்கும். அதுக்கப்புறமும் ஓரளவு முன்னேற்றம் வரலாம். வயசு ஏற ஏற அந்த வாய்ப்பு குறைஞ்சுகிட்டே போகும். 5 வயசுல திருப்பி அனுப்பப்பட்ட பையன் 10 வயசுல மறுபடி போனா, கண்ணாடி போட்டும் பார்வை முழுசா வராம போகலாம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகள்கிட்ட மாறுகண்ணும், கண்ணாடி தேவைப்படுற குறைபாடுகளும் மற்ற குழந்தைகளைவிட அதிகமா காணப்படுறதா பல நாடுகள்ல நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. டெஸ்ட் அதிகமா தேவைப்படுற குழந்தைக்குத்தான் டெஸ்ட் பண்றதே கஷ்டமா இருக்கு.

'அவன் அப்படித்தான்'னு விட்டுடாதீங்க

இன்னொரு சிக்கல், பார்வைக் கோளாறோட அறிகுறிகள் பாதி ஆட்டிசத்தோட அறிகுறி மாதிரியே இருக்கும். அதனால எல்லாத்தையும் ஆட்டிசம் கணக்குல எழுதிடுவாங்க. கீழ உள்ளதுல ஏதாவது இருந்தா கண்ணையும் சந்தேகப்படுங்க.

* டிவிக்கு மூக்கு இடிக்கிற அளவுக்குக் கிட்ட போய் நிற்கிறது.
* தலையைச் சாய்ச்சு, ஓரக்கண்ணால பார்க்கிறது.
* வெயில்ல வந்ததும் ஒரு கண்ணை மட்டும் மூடிக்கிறது.
* கண்ணை விரலால அமுக்குறது, ஓயாம கசக்குறது. கரிசல் தூசியும், களத்துல காயுற மிளகாயும் இருக்கிற ஊர்ல 'தூசி விழுந்திருக்கும்'னு சொல்றது சுலபம். எல்லா சீஸன்லயும் கசக்குனா அது தூசி இல்லை.
* படிக்கட்டு இறங்கத் தயங்குறது, இருட்டினதும் தட்டித் தடுமாறுறது.
* கண் ஒரு பக்கமா விலகி நிற்கிறது. 'மாறுகண் இருந்தா யோகம்'னு வீட்டுல யாராவது சொன்னா, அன்பா சிரிச்சுட்டு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.

போன் வச்சிருக்குற உங்களுக்கு மட்டும் ஒரு ஸ்பெஷல் குறிப்பு. ஃபிளாஷ் போட்டு எடுத்த போட்டோவுல குழந்தையோட ஒரு கண்ணின் பாப்பா வெள்ளையா தெரிஞ்சா, 10 நாள் ஒத்திகைக்கெல்லாம் காத்திருக்க வேண்டாம். அந்த போட்டோவோட உடனே கண் டாக்டரைப் பாருங்க. வெறும் கோணத்தாலயும் அப்படி விழலாம். ஆனா, புரையோ, கட்டியோகூட காரணமா இருக்கலாம். அதை டாக்டர்தான் சொல்லணும்.

சாப்பாட்டையும் கவனிங்க. ஆட்டிசம் உள்ள சில குழந்தைகள் வருஷக்கணக்கா வெறும் சோறு, சிப்ஸ், பிஸ்கட்னு ரெண்டு மூணு பொருளை மட்டும்தான் சாப்பிடும். அப்படி இருந்த குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ குறைஞ்சு, மாலைக்கண்ல ஆரம்பிச்சு பார்வையே பாதிக்கப்பட்ட சம்பவங்கள் மருத்துவ இதழ்கள்ல பதிவாகியிருக்கு. பையன் என்னென்ன சாப்பிடுறான்னு ஒரு லிஸ்ட் எழுதி டாக்டர்கிட்ட காட்டுங்க. நீங்களா வைட்டமின் மாத்திரை வாங்கிக் கொடுக்காதீங்க. அளவு கூடினாலும் ஆபத்துதான். கண்ணுல விளக்கெண்ணெய் விடுறது, பூச்சாறு பிழியுறது... இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

பேசாத குழந்தைக்கு எப்படி டெஸ்ட் பண்ணுவாங்க?

'அ, ஆ வாசிக்கவே தெரியாத பையனுக்கு எப்படி பவர் கண்டுபிடிப்பாங்க?' - பல பெற்றோர் இந்தக் கேள்வியிலேயே நின்னுடறாங்க. முக்கியமான டெஸ்ட்டுகள்ல குழந்தை ஒரு வார்த்தைகூட பேச வேண்டாம்.

ரெட்டினோஸ்கோப்பி: இருட்டு ரூம்ல ஒரு கை நீளத் தூரத்துல இருந்து டாக்டர் ஒரு ஒளிக்கோட்டை கண்ணுல அசைச்சுப் பார்ப்பார். பாப்பாவுக்குள்ள அந்த வெளிச்சம் நகர்ற விதத்தை வச்சு பவரைக் கணக்கிட்டுடுவார். பையன் செய்ய வேண்டியது தூரத்துல எதையாவது சில நொடி பார்க்கிறது மட்டும்தான். அந்தத் தூரத்துல அவனுக்குப் பிடிச்ச வீடியோவைப் போன்ல ஓடவிட்டுப் பிடிச்சுக்கிட்டு நிற்க ஒரு ஆள் வேணும். அது நீங்களாவே இருக்கலாம்.

படம் பொருத்துற டெஸ்ட்: எழுத்துக்குப் பதிலா ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம்னு நாலே படம். தூரத்துல தெரியுற படத்தைத் தன் கையில இருக்கிற அட்டையில தொட்டுக் காட்டினா போதும். பின்லாந்தைச் சேர்ந்த குழந்தைகள் கண் மருத்துவர் லியா ஹிவாரினென் 1976-ல உருவாக்கினது இது. இன்னிக்கு உலகம் முழுக்க 'லியா சார்ட்'னு சொல்றாங்க.

கோடு அட்டை டெஸ்ட்: இதுல தொட்டுக் காட்டவும் வேண்டாம். ஒரு அட்டையில ஒரு பக்கம் வெறுமை, இன்னொரு பக்கம் கறுப்பு வெள்ளைக் கோடுகள். கோடு தெரிஞ்சா குழந்தையோட பார்வை தானா அந்தப் பக்கம் போகும். கோடு மெலிய மெலிய எதுவரைக்கும் பார்க்குறான்னு கவனிப்பாங்க.

கேமரா டெஸ்ட்: சில இடங்கள்ல சுமார் ஒரு மீட்டர் தள்ளி நின்னு போட்டோ எடுக்குற மாதிரி ஒரு கருவி இருக்கும். சில நொடியில ரெண்டு கண்ணோட பவரையும் தோராயமா சொல்லிடும்.

கண்ணுல 'புஸ்'னு காத்து அடிக்கிற மெஷினைப் பார்த்திருப்பீங்க. குழந்தைகளுக்கு அது பெரும்பாலும் அவசியப்படாது. "இது இன்னிக்குத் தேவையா டாக்டர்?" என்று தாராளமா கேட்கலாம்.

10 நாள் ஒத்திகை

புதுசா ஒண்ணு திடீர்னு நடக்கிறதுதான் ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்குப் பெரிய பயம். அதே விஷயம் ஏற்கெனவே தெரிஞ்சதா இருந்தா பாதிப் பயம் போயிடும். அதனால ஆஸ்பத்திரியில நடக்கப் போறதையெல்லாம் முன்னாடியே வீட்டுல சின்னச் சின்னதா நடத்திடணும். ஒரு நாளைக்கு 5 நிமிஷம் போதும். அவன் சந்தோஷமா இருக்கும்போதே நிறுத்திடுங்க.

நாள் 1, 2 - படக்கதை. முடிஞ்சா நீங்க மட்டும் ஒரு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய், அனுமதி கேட்டு வாசல், காத்திருக்குற இடம், நாற்காலி, மெஷின் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு வாங்க. பஸ் ஸ்டாண்டையும் விடாதீங்க. வரிசையா அடுக்கி, ஒரு படத்துக்கு ஒரு வரின்னு கதையா சொல்லுங்க. 1990-களின் தொடக்கத்துல அமெரிக்க ஆசிரியை கேரல் கிரே அறிமுகப்படுத்தின 'சோஷியல் ஸ்டோரி' முறை இது. நம்ம ஊர்ப் பேச்சுல இப்படி இருக்கலாம்:

"நான் அம்மாகூட பஸ்ல போவேன். கண் ஆஸ்பத்திரி வரும். அங்க நிறைய பேர் இருப்பாங்க. நான் மாமா மடியில உட்காருவேன். ரூம் கொஞ்ச நேரம் இருட்டா இருக்கும். டாக்டர் சின்ன லைட் அடிப்பாங்க. பத்து எண்ணுனதும் லைட் போயிடும். பயமா இருந்தா நான் கையைத் தூக்குவேன், டாக்டர் நிறுத்துவாங்க. முடிஞ்சதும் கடலைமிட்டாய் சாப்பிடுவேன். அப்புறம் வீட்டுக்கு வந்துடுவேன்."

கதையில பொய் இருக்கக் கூடாது. 'வலிக்கவே வலிக்காது'னு சொல்லிட்டு சொட்டு மருந்து எரிஞ்சா, அடுத்த தடவை உங்க கதையை நம்ப மாட்டான். 'கொஞ்சம் எரியும், பத்து எண்ணுனா போயிடும்'னு சொல்லுங்க.

நாள் 3, 4 - இருட்டும் டார்ச்சும். சாயங்காலம் ரூம் லைட்டை அணைச்சுட்டு, வெளிச்சம் கம்மியான சின்ன டார்ச்சை முதல்ல சுவத்துல அடிங்க. அப்புறம் பொம்மை மேல, உங்க முகத்துல, அவன் கையில, கன்னத்துல. கடைசியாதான் கண் பக்கம், ஒரே ஒரு நொடி. போன் ஃபிளாஷை நேரா கண்ணுல அடிக்காதீங்க.

நாள் 5, 6 - கண்ணை மூடி விளையாடுறது. ஒவ்வொரு கண்ணையா மூடித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. முதல்ல உங்க கண்ணை மூடிக் காட்டுங்க, அப்புறம் அவன் கையாலயே அவன் கண்ணை. லென்ஸ் இல்லாத பழைய கண்ணாடி ஃபிரேம் இருந்தா அதையும் போட்டுப் பழக்குங்க. ஆஸ்பத்திரியில பவர் பார்க்கப் போடுற ஃபிரேம் கொஞ்சம் கனமா இருக்கும்.

நாள் 7 - தாடை வைக்கிறது. அட்டைப்பெட்டியில ஜன்னல் மாதிரி ஓட்டை போட்டு, மேஜையில வைங்க. முன்னாடி நாலு புக் அடுக்கி அதுல தாடையை வச்சு ஓட்டை வழியா பார்க்கச் சொல்லுங்க. அந்தப் பக்கம் நீங்க முகம் காட்டுங்க. 'ஸ்லிட் லேம்ப்' மெஷின் கிட்டத்தட்ட இதேதான்.

நாள் 8 - பொருத்தும் விளையாட்டு. அட்டையில ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் வரைஞ்சு ரெண்டு செட் தயார் பண்ணுங்க. நீங்க ஒண்ணைத் தூக்கிக் காட்டணும், அவன் தன்கிட்ட இருக்கிறதுல அதைத் தொடணும். பக்கத்துல ஆரம்பிச்சு தினமும் ஒரு அடி தள்ளிப் போங்க.

நாள் 9 - சொட்டு. மல்லாக்கப் படுக்க வச்சு, கண்ணை மூடிக்கச் சொல்லி, ஈரப் பஞ்சால மூக்கோரத்துல தொடுங்க. கொதிக்க வச்சு ஆறின தண்ணியில ஒரே ஒரு துளியை மூடின கண்ணோட ஓரத்துல விட்டு, பத்து எண்ணித் துடைச்சு விடுங்க.

நாள் 10 - ஃபுல் ரிகர்சல். அக்கா டோக்கன் கொடுக்கட்டும், பாட்டி நோயாளியா உட்காரட்டும், நீங்கதான் டாக்டர். முதல்ல பாட்டிக்கு டெஸ்ட், அப்புறம் பையனுக்கு. முடிஞ்சதும் 'முடிஞ்சது'னு ஒரே மாதிரி கை சைகை காட்டுங்க. ஆஸ்பத்திரியிலயும் அதே சைகை.

தினமும் இந்த ஒரு ஃபார்முலா: 'முதல்ல இது, அப்புறம் அது.' முதல்ல டார்ச், அப்புறம் கடலைமிட்டாய். 2020-ல புவிசார் குறியீடு வாங்கின கோவில்பட்டி கடலைமிட்டாயைவிட நல்ல பரிசு இந்தப் பக்கம் என்ன இருக்கு! அவனுக்குப் பிடிச்சது வேறன்னா அது. ஒரு படி ஒரு வாரம் ஆனாலும் பரவாயில்லை, அது பழகினதுக்கப்புறம் அடுத்ததுக்குப் போங்க. 10 நாள்ங்கிறது சும்மா ஒரு கணக்குதான்.

போறதுக்கு முன்னாடி ஒரு போன் கால்

முன்கூட்டியே ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணி இந்த நாலைக் கேளுங்க.

1. குழந்தைகள் கண் டாக்டர் எந்தெந்த நாள் இருப்பார்?
2. காலையில முதல் ஆளா பார்க்க முடியுமா? கூட்டம் குறைவான நாள் எது?
3. காத்திருக்க அமைதியான இடம் இருக்கா? இல்லைன்னா வெளியில நிழல்ல இருக்கோம், முறை வந்ததும் போன் பண்ணுவீங்களா?
4. எல்லாத்தையும் ஒரே நாள்ல முடிக்காம, ரெண்டு தடவையா பிரிச்சுப் பண்ணலாமா?

'நமக்கு மட்டும் எதுக்கு ஸ்பெஷல், நாலு பேர் என்ன நினைப்பாங்க'ன்னு அக்கா தயங்குவாங்க. சலுகை கேட்கிறோம்னு கூச்சப்பட வேண்டாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல பட்டியலிட்டிருக்குற 21 வகைகள்ல ஆட்டிசமும் ஒண்ணு. சிகிச்சையில முன்னுரிமை கொடுக்கணும்னு அதே சட்டத்தோட 25-வது பிரிவு சொல்லுது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இருந்தா கையில எடுத்துக்கங்க.

ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக்கங்க: 'பெயர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான். தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத் தொடுங்க. நம்பர் எண்ணுனா அமைதியாவான். கையைத் தூக்கினா நிறுத்துங்க.' உள்ளே நுழைஞ்சதும் டாக்டர் கையில கொடுத்துடுங்க. குழந்தை முன்னாடி அவனைப் பத்தி நீளமா விளக்க வேண்டியிருக்காது.

அந்த நாள்

வயிறு நிறைய சாப்பிட வச்சுக் கூட்டிட்டுப் போங்க. பிடிச்ச துணி, பிடிச்ச பொம்மை, தண்ணி, தொப்பி, சத்தம் ஆகாதுன்னா காதை மூடுற ஹெட்போன், போன்ல ஃபுல் சார்ஜ், நெட் இல்லாமலும் ஓடுற மாதிரி டவுன்லோடு பண்ணின வீடியோ. படக்கதையைப் பஸ்ல ஒரு தடவை, வாசல்ல ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க. ஒவ்வொண்ணு முடிஞ்சதும் அந்தப் படத்தை 'முடிஞ்சது'னு தள்ளி விடுங்க. இன்னும் எவ்வளவு இருக்குன்னு அவனுக்கே தெரியும்.

டாக்டர்கிட்ட முதல்ல லைட்டை அவன் கையில அடிச்சுக் காட்டச் சொல்லுங்க. தொடாம பண்ற டெஸ்ட்டுகள் முதல்ல, சொட்டு மருந்து கடைசியில. இந்த வரிசை மாறினா அதுக்கப்புறம் எதுவும் நடக்காது.

சொட்டு மருந்து பத்தி கொஞ்சம் விளக்கமா...

குழந்தைகளோட கண் தானாவே ஃபோகஸை இழுத்துப் பிடிக்கும். அதனால சரியான பவர் தெரியணும்னா அந்தத் தசையைக் கொஞ்ச நேரம் ஓய்வா வைக்கணும். அதுக்குத்தான் சொட்டு. சில நொடி எரியும். பாப்பா விரியும். கிட்டத்துல இருக்கிறது மங்கும், வெளிச்சம் கூசும். மருந்தைப் பொறுத்து இது ஒரு நாள்லயும் சரியாகலாம், அட்ரோபினா இருந்தா ஒரு வாரத்துக்கு மேலயும் நீடிக்கலாம். மத்தியான வெயில்ல பஸ்ல திரும்பணும்னா தொப்பியோ கூலிங் கிளாஸோ கட்டாயம். இதையும் படக்கதையில சேர்த்துடுங்க. திடீர்னு மங்கலாத் தெரிஞ்சா அவன் பயந்துடுவான்.

கண்ணைத் திறக்கவே மாட்டேன்னு அடம்பிடிச்சா, மூடின கண்ணோட மூக்கோரத்துல சொட்டை விட்டு, அவனா திறக்கும்போது உள்ள போகவிடலாம். இது டாக்டர்களே பயன்படுத்துற வழிதான். எரிச்சல் தெரியாம இருக்க முன்னாடியே மரத்துப் போற சொட்டு விட முடியுமான்னு கேளுங்க. சில டாக்டர்கள் அட்ரோபின் களிம்பைக் கொடுத்து மூணு நாள் வீட்டுலயே போட்டுட்டு வரச் சொல்வாங்க. அப்படின்னா போட்டதும் உங்க கையையும், குழந்தை கையையும் நல்லா கழுவிடுங்க. வாய்க்குள்ள போகக் கூடாத மருந்து அது.

வலிப்பு இருந்தாலோ, தினமும் வேற மருந்து சாப்பிட்டாலோ சொட்டு விடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க. சொட்டு விட்டதுக்கப்புறம் முகம் சிவந்து காய்ச்சல் அடிச்சாலோ, வழக்கத்துக்கு மாறா உளறினாலோ, துள்ளினாலோ உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.

அன்னிக்கு நடக்கலைன்னா?

நடக்காமப் போகலாம். அதுக்காக யாரையும் திட்ட வேண்டாம், முக்கியமா அக்காவை. அலற ஆரம்பிச்சதும் நிறுத்திடுங்க. வெளியில நிழல்ல அரை மணி நேரம் இருந்துட்டு மறுபடி முயற்சி பண்ணலாம். இல்லைன்னா, முடிஞ்ச வரைக்கும் எழுதி வாங்கிட்டு, அடுத்த தேதியையும் வாங்கிட்டுத்தான் கிளம்பணும். 'பெரியவன் ஆனதும்' என்பது தேதி இல்லை. ரெண்டு வாரமோ, ஒரு மாசமோ, நாள் குறிச்சு வாங்குங்க. எத்தனை தடவை முயன்றும் முடியலை, டாக்டருக்கும் வலுவான சந்தேகம் இருக்குன்னா, மயக்க மருந்து கொடுத்து பரிசோதிக்கிற வழியும் இருக்கு. அது கடைசி வழி.

இந்த மண்ணுல பிறந்த ஒருத்தரைப் பத்தி இங்க சொல்லணும். எட்டயபுரம் பக்கத்துல வடமலாபுரம்னு ஒரு கரிசல் கிராமம். 1918-ல அங்க பிறந்தவர் டாக்டர் கோ.வெங்கடசாமி. இளம் வயசுலேயே கடுமையான முடக்குவாதம் வந்து விரல்கள் கோணிப்போச்சு. அந்த விரல்களுக்குப் பிடிபடுற மாதிரி கருவிகளை வடிவமைச்சுக்கிட்டு, கத்தி பிடிக்கப் புதுசா பழகி, கண் அறுவை சிகிச்சை செஞ்சார். அரசு வேலையில இருந்து ஓய்வு பெற்றதும் 1976-ல மதுரையில 11 படுக்கைகளோட அவர் ஆரம்பிச்சதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. கைக்குத் தகுந்த மாதிரி கருவி மாறலாம்னா, குழந்தைக்குத் தகுந்த மாதிரி டெஸ்ட்டும் மாறலாம். அதைத்தான் நாம கேட்கிறோம்.

கண்ணாடி போடச் சொன்னா...

முதல் நாளே முழு நேரமும் போட வைக்காதீங்க. பிடிச்ச வீடியோ பார்க்குற அஞ்சு நிமிஷம் மட்டும் கண்ணாடி. கழற்றினா வீடியோவும் நிற்கும், போட்டா ஓடும். தினமும் கொஞ்சம் கொஞ்சமா கூட்டுங்க. லேசான ஃபிரேம், உடையாத பாலிகார்பனேட் லென்ஸ், பின்னாடி எலாஸ்டிக் பட்டைன்னு கேட்டு வாங்குங்க. மூக்கு, காதுப் பின்பக்கம் சிவந்திருக்கான்னு பாருங்க. பல குழந்தைகள் கண்ணாடியைத் தூக்கி எறியுறது அது அழுத்துறதாலதான்.

எங்கே போகலாம்?

குளத்தூர், விளாத்திகுளம் பக்கம் இருக்கிறவங்களுக்கு கோவில்பட்டி அரசு மருத்துவமனையும், தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கைக்கெட்டுற தூரம். திருநெல்வேலியில 1988-ல இருந்து அரவிந்த் கிளை இருக்கு. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வர்ற ஆர்.பி.எஸ்.கே மருத்துவக் குழுகிட்ட சொன்னா, குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்குற மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்குப் பரிந்துரைப்பாங்க. வட்டார வள மையத்துல இருக்குற சிறப்பாசிரியர்கிட்ட கேட்டா, படக்கதை தயாரிக்கவும் உதவுவாங்க. தேசிய அறக்கட்டளையோட 'நிராமயா' மருத்துவக் காப்பீடு ஆட்டிசம் உள்ளவங்களுக்கு வருஷத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரைக்கும் இருக்கு. அதுக்கு விண்ணப்பிச்சாச்சான்னு அக்காகிட்ட கேளுங்க.

இந்த வீட்டுல நேரமும், ஸ்மார்ட்போனும், பொறுமையும் ஒண்ணா வச்சிருக்குற ஆள் பெரும்பாலும் நீங்கதான். மாமாவோ, சித்தியோ, அத்தையோ, அண்ணனோ... யாரா இருந்தாலும் இந்த ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்க. ஒரு சின்ன டார்ச், நாலு அட்டை, ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் எடுத்துக்கங்க. காதுகுத்துக்குக் கொடுத்த அதே மடியைக் கொடுங்க. இந்தத் தடவை யாரும் கையைப் பிடிக்க வேண்டாம். முதல் நாள் டார்ச்சைச் சுவத்துல மட்டும் அடிச்சா போதும்.